கணக்கனும் காவலனும்

எருக்கலம்பிட்டி அமைந்த மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்டது தம்பபவனி காற்றாலை மின்நிலையம். ஆங்கு 30 காற்றாலைகள் உள. மொத்த ஆற்றல் 103.5 மெகாவாட்.

இத்தகைய காற்றாலையில் இருவகைக் கட்டுப்பாடுகள் உண்டு. இறக்கைகளின் கோணத்தைத் திருத்தி மின்னாக்கத்தை நடத்துவது ஒன்று. சுழற்சி எல்லை மீறின், இறக்கைகளைத் திருப்பி நிறுத்துவது மற்றொன்று. முன்னதைக் கணக்கன் என்றும் பின்னதைக் காவலன் என்றும் கொள்வோம்.

காவலன் தான் நிறுத்திய காரணத்தைக் கணக்கனுக்கு அறிவிக்கலாம். கணக்கனும் நிறுத்துமாறு காவலனை வேண்டலாம். ஆனால், நிறுத்தாதே என ஆணையிடும் அதிகாரம் அவனுக்கில்லை. இருவரிடையே செய்தி அறுந்தாலும் காவலன் தன் கடமையைத் தானே ஆற்றுவான்.

கணக்கன் தவறும் வேளையிலன்றோ காவல் வேண்டப்படுகிறது? தவறியவன் சொற்கேட்டுக் காவலன் ஓய்ந்தால், கோபுரத்தில் ஏறிப் பணிபுரியும் தொழிலாளியின் உயிருக்குக் காப்பு ஏது?