திசுக்குறியும் மருந்தும்

ஒரு பெயர் பூண்டமையால் ஒரு நோய் எல்லா உடம்பிலும் ஒன்றாகிவிடாது. மார்பகப் புற்றுநோய் என நாம் ஒருமையிற் கூறுவது, அதனை நுணுகி ஆய்ந்தார்க்குப் பன்மையாகவே தோன்றிற்று. ஒருமை பன்மை மயக்கத்தை இலக்கண வழுவென்று மட்டுங் கருதியிருந்த எம்மனோர்க்கு, மருத்துவத்தில் அஃது உயிர்க்கே ஊறாகும் என்பது புதுச் செய்தியாயிற்று.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவர்தங் கூட்டத்தாரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, நூற்றுக்கு 30 கட்டிகளில் 'ஹெர்-2' என்னும் மரபணு பன்மடங்காகப் பெருகியிருத்தலைக் கண்டனர். இப் பெருக்கம் உடையோர்க்கு நோய் விரைவில் மீண்டது, ஆயுளுங் குறைந்தது. (இப்பொழுதைய கணக்கின்படி இத்தகையோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே.) அம் மரபணு உண்டாக்கும் புரதம் உயிரணுவின் புறத்தே நின்று, 'பெருகுக' என ஓயாது ஏவுகின்றது. அதனைப் பற்றித் தடுக்கும் எதிர்ப்பொருளே டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து.

இம் மருந்தை யாரிடத்துச் சோதிப்பது? திசுக்குறி உடைய 469 பெண்மணிகளிடத்தே சோதித்தனர். வழக்கமான கீமோதெரபி மட்டும் பெற்றோரின் நடுத்தர ஆயுள் 20.3 திங்கள், இம் மருந்தையுஞ் சேர்த்துப் பெற்றோர்க்கு 25.1 திங்கள். குறி பாராது எல்லாரையுங் கலந்திருப்பின், ஐவருள் ஒருவர் பெறும் ஐந்து திங்கள் நன்மை, சராசரியில் ஒரு திங்களாய்ச் சுருங்கியிருக்கும். 'பயனில்லை' எனக் கூறி மருந்தையே கைவிட்டிருப்பர்! ஆதலின் 1998 செப்டம்பரில் அமெரிக்க அரசினர் மருந்துக்கு இசைவளித்த அன்றே, திசுவைச் சோதிக்குஞ் சாயமுறைக்கும் இசைவளித்தனர்.

அம் முறை இது: கட்டியின் துணுக்கைப் பார்மலினில் ஊறவைத்து, மெழுகிற் பதித்து, மயிரினும் மெல்லிய ஏடாகச் சீவுவர். ஹெர்-2 புரதத்தை நாடிப் பற்றும் எதிர்ப்பொருளை அதன்மேல் இட்டபின், புரதம் உள்ள இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறும். விலங்கியல் பயிலும் நண்பரொருவர் இதன் படத்தை எமக்குக் காட்டினார். தேனடையின் அறைகளென உயிரணுக்களைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள் நெருங்கி நின்றன. அதற்கு மதிப்பெண் 3. நிறமே இல்லையாயின் 0. இரண்டென்பது ஐயத்திற்குரியது, ஆங்கு மரபணுவின் படிகளை எண்ணியே முடிவு செய்வர்.

கேட்க எளிதாயினும் செய்கை எளிதன்று. திசுவை ஒரு மணி நேரத்துள் பார்மலினில் இடவேண்டும். அதன்கண் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். தவறின் குறி மங்கும். இச் சோதனைகளில் ஐந்தில் ஒன்று பிழையாயிருக்கலாம் என அமெரிக்க மருத்துவ அவையினரே 2007-இல் எழுதினர். குறி இருந்தும் இல்லையென்றால், உதவக்கூடிய மருந்து ஒருத்திக்கு மறுக்கப்படுகின்றது. இல்லாதிருந்தும் உண்டென்றால், பொருளும் அழிந்து, இருதயத்திற்குங் கேடு நேரலாம்.

1-க்கும் 0-க்கும் உள்ள வேற்றுமையை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டற்கும் விடை 'இல்லை' என்பதே. 2022-இல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான் என்னும் புதுமருந்து, மதிப்பெண் 1 பெற்றோர்க்கும் உதவுதல் தெளிவாயிற்று. அது முதல் பழைய மெழுகுக் கட்டிகள் பேழையினின்று எடுக்கப்பட்டு, அந்த மெல்லிய பழுப்புக் கீற்று உண்டோ என மறுபடியும் நோக்கப்படுகின்றன.