ஆட்டம் கண்ட பாலம்

படைவீரர்கள் பாலத்தைக் கடக்கும்போது அணிநடையைக் கலைத்துவிட்டு நடப்பார்கள் என்று படித்திருப்பீர்கள். 1831-இல் இங்கிலாந்தில், மான்செஸ்டருக்கு அருகே பிராட்டன் தொங்குபாலம் வீரர்கள் நடந்து சென்றபோது அதிர்ந்து இடிந்தது. அதன்பின் ஏற்பட்ட வழக்கம் இது. ஆனால், தத்தம் போக்கில் நடக்கும் பொதுமக்களால் ஒரு பாலத்தை ஆட்ட முடியுமா?

முடியும் என்பதை லண்டன் மக்கள் கண்டார்கள். தேம்ஸ் ஆற்றின்மேல் நடப்போருக்காகவே கட்டப்பட்ட மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10-இல் திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நடந்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது.

காரணம் என்ன? நாம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். இடக்கால் ஊன்றும்போது தரையைச் சிறிது இடப்புறமும், வலக்கால் ஊன்றும்போது வலப்புறமும் தள்ளுகிறோம். ஆகவே இந்தப் பக்கவாட்டு விசையின் அதிர்வெண் சுமார் 1 ஹெர்ட்ஸ். பாலத்தின் பக்கவாட்டு இயல் அதிர்வெண்களோ சுமார் 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ் வரை இருந்தன.

எல்லாரும் ஒரே தாளத்தில் நடந்ததால் ஒத்ததிர்வு ஏற்பட்டது என்றே முதலில் பலரும் விளக்கினர். ஆனால் அது தேவையே இல்லை என்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஓடும் பேருந்தில் நிற்கும்போது, விழாமலிருக்கக் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறோம் அல்லவா? ஆடும் பாலத்திலும் ஒவ்வொருவரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த உதைகள், சராசரியாகப் பார்த்தால், பாலம் நகரும் திசையிலேயே அதைத் தள்ளி ஆற்றலைச் சேர்க்கின்றன. தாளம் ஒன்றாக வேண்டியதில்லை.

ஒருவர் தரும் ஆற்றல் சிறிது. பாலத்தில் இயல்பாக உள்ள தடை அதை விழுங்கிவிடும். ஆள் பெருகப் பெருக, சேரும் ஆற்றல் இழக்கும் ஆற்றலை ஒரு கட்டத்தில் மிஞ்சிவிடும். பாலத்தின் வடபகுதியில் நடந்த சோதனையில் சுமார் 160 பேர் வரை ஆட்டம் மிகக் குறைவு. இன்னும் சிலர் சேர்ந்ததும் அது மளமளவென்று வளர்ந்தது!

ஆகவே பொறியாளர்கள் தடையைக் கூட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர்போல், திரவத்தைத் தள்ளி அதிர்வாற்றலை வெப்பமாக்கும் 37 கருவிகளைப் பொருத்தினார்கள். வில்சுருளுடன் இணைந்த எடைகள் அசைந்து அதிர்வைத் தணிக்கும் 52 கருவிகளையும் சேர்த்தார்கள். 2002 பிப்ரவரி 22-இல் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

பாலத்தின்மேல் நடப்பவர் வெறும் சுமை அல்லர். பாலம் அசைந்தால் அதற்கேற்ப அசைபவர். பாலத்தை வடிவமைப்பவர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்த முறை பேருந்தில் நின்று செல்லும்போது, உங்கள் கால்கள் எந்தப் பக்கம் உதைக்கின்றன என்று கவனியுங்களேன்!