பரணில் கிடந்த துப்பாக்கி: யாருடையது, எந்தக் காலத்தது?

பெங்களூர் தண்டுப் பகுதியில் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அடுக்கு மாடிகள் எழும்பி வருகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து பித்தளை அண்டா இறங்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டி இறங்கும். சில வீடுகளில் சாக்கில் சுற்றிய துப்பாக்கி ஒன்றும் இறங்குகிறது.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே ராணுவ முகாம் அமைத்தபோது பட்டாளத்தோடு வந்து குடியேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அல்சூர் ஏரிப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. பட்டாளத்துக்காரர் வீட்டில் பட்டாளத்துச் சாமான் இருப்பது இயற்கைதானே?

ஆனால் அண்டா வேறு, துப்பாக்கி வேறு. அதைக் கையில் எடுத்தவுடன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது என்ன துப்பாக்கி? இதை வீட்டில் வைத்துக் கொள்ளலாமா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் குடும்பத்துக்குப் பெருமை தரலாம். இரண்டாவது கேள்வியை அலட்சியம் செய்தால் கோர்ட்டுப் படி ஏற வேண்டி வரலாம்.

முதலில் எச்சரிக்கை

எந்தப் பழைய துப்பாக்கியையும் 'மருந்து கெட்டித்திருக்கிறது' என்று நினைத்துத்தான் தொட வேண்டும். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்புங்கள். விசையில் விரல் வைக்காதீர்கள். குழந்தைகளை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சோதிக்க எளிய வழி உண்டு. மெல்லிய மரக் குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள். அது நின்ற இடத்தில், வாயின் விளிம்பில் அடையாளம் இடுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குழலின் அடிவரை எட்டினால் உள்ளே காலி. நாலு விரற்கடை முன்பே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதன் பிறகு நீங்கள் எதுவும் செய்யக் கூடாது, போலீசாருக்குச் சொல்லுங்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் வீரியம் போகாது.

குதிரை சொல்லும் காலம்

துப்பாக்கியின் வயதை அறிய முதலில் அது எப்படி வெடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல் பொருத்தும் தாடை இருந்தால் அது மிகப் பழையது. திப்பு சுல்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபோது இரு தரப்பும் ஏந்தியவை இத்தகைய துப்பாக்கிகளே. 1840-க்குப் பிறகு படிப்படியாகக் கல் போய், கேப்பு வந்தது. குதிரை சுத்தியல் போல இறங்கி, முலைக்காம்பு போன்ற சிறு குழாயின் மேல் செருகிய கேப்பை அடிக்கும். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு இந்த வகை. கொழுப்புத் தடவிய தோட்டா என்று 1857-ல் நாடே கொதித்தெழுந்ததே, அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்காக வந்ததுதான்.

குழலின் பின்புறத்தில் பக்கவாட்டில் திறக்கும் மூடி இருந்தால் அது 1866-ல் வந்த ஸ்னைடர். அடியில் நீண்ட நெம்புகோல் இருந்து, அதை இறக்கினால் வாய் திறந்தால் 1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றி. கைப்பிடி போட்ட தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும் வகை என்றால் பெரும்பாலும் '303' என்று போலீஸ்காரர்கள் சொல்லும் லீ என்ஃபீல்டு. பத்து ரவைகள் கொள்ளும் பெட்டி அடியில் இருக்கும். உத்தரப் பிரதேச போலீசார் இதற்கு விடை கொடுத்தது 2020-ல்தான்.

முத்திரைகள்

கேப்புத் துப்பாக்கி என்றால் குதிரைக்குப் பக்கத்தில் உள்ள இரும்புத் தகட்டைப் பாருங்கள். கிரீடமும் 'வி.ஆர்.' என்ற எழுத்தும் விக்டோரியா ராணியைக் குறிக்கும். 'டவர்' அல்லது 'என்ஃபீல்டு' என்ற பெயரும் ஆண்டும் இருக்கும். மார்ட்டினியில் இவை வலது பக்கம் இருக்கும். 303-ல் கைப்பிடிக் கழுத்தைச் சுற்றிய இரும்பு வளையத்தில் இருக்கும். 'ஜி.ஆர்.' என்றால் ஜார்ஜ் மன்னர் காலம். 'இஷாப்பூர்' என்றோ 'ஆர்.எஃப்.ஐ.' என்றோ இருந்தால் வங்காளத்தில் உள்ள நமது இஷாப்பூர் ரைஃபிள் பாக்டரியில் செய்தது.

விரிந்த அம்புக்குறி அரசாங்க உடைமை என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டி நின்றால், பட்டாளம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். 'டி.பி.' என்றிருந்தால் கவாத்துக்கு மட்டுமே உரியது, சுடத் தகாதது. முன்பகுதி முழுவதும் கம்பி சுற்றியிருந்தால் வெடிகுண்டு வீசப் பயன்பட்டதாக இருக்கலாம்.

முதல் உலகப் போருக்கு முந்திய 303-களில் கட்டையின் வலப்புறம் வட்டமான பித்தளைத் தகடு ஒன்று உண்டு. எந்தப் படைப்பிரிவு என்பது அதில் சுருக்கெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். தாத்தாவின் பட்டாளக் காகிதத்தோடு அதை ஒத்துப் பார்த்தால் குடும்பக் கதை மெய்யா என்று தெரிந்துவிடும். போர்க்கால அவசரத்தில் 1916-ல் இந்தத் தகடு வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

'திப்பு துப்பாக்கி'யின் கதை

அல்சூர் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில் இருந்த துப்பாக்கியைத் 'திப்பு துப்பாக்கி' என்றே சொல்லி வந்தார்கள். ஆயுத பூஜையன்று அதற்குத்தான் முதல் பொட்டு. பெரியவர் காலமான பிறகு, பட்டாளத்தில் ஆயுதப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் காட்டினார்கள். நிருபரும் உடன் இருந்தேன்.

துடைத்த தகட்டில் கிரீடம், வி.ஆர்., 'டவர்', 1859 என்று தெரிந்தது. திப்பு மறைந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு செய்த துப்பாக்கி! வீட்டாரின் முகம் வாடியது.

ஆனால் அவர் டார்ச் விளக்கைக் குழலுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "இதில் வரி இல்லையே! இது சிப்பாய்க்கென்று செய்தது" என்றார்.

குழலின் உள்ளே சுருள் வரி வெட்டியிருந்தால்தான் குண்டு சுழன்று நெடுந்தூரம் குறி தவறாமல் போகும். என்ஃபீல்டின் சிறப்பே அதுதான். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களை நம்பாத ஆங்கிலேயர், வெளித்தோற்றம் அதே போல, உள்ளே வரி இல்லாத வழவழப்பான குழலோடு தனி மாதிரிகள் செய்தார்கள். தூரத்துக்கு ஏற்றபடி உயர்த்தும் குறிச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, சாதாரணக் குறிப் பள்ளம் மட்டும் வைத்தார்கள். வெள்ளைக்காரச் சோல்ஜருக்கு ஒன்று, அவன் பக்கத்தில் நிற்கும் நம் ஆளுக்கு ஒன்று!

இந்த வேற்றுமை தொடர்ந்தது. 1878-ல் தொடங்கிய ஆப்கன் போரில் வெள்ளையர் கையில் மார்ட்டினி, இந்தியர் கையில் ஸ்னைடர். 1914-ல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் நம் படைகளுக்குப் புது ரக 303 கிடைத்தது.

திப்பு போனாலும் வந்த கதை சிறியதல்ல. "எங்கள் பாட்டனாரின் பாட்டனாரை நம்பாமல் கொடுத்த துப்பாக்கி இது" என்றார் அந்த வீட்டு மூத்த மகன். அவர் குரலில் ஏமாற்றம் இல்லை.

போலிகளும் பராமரிப்பும்

கிரீடமும் 'டவரும்' அடித்த போலித் துப்பாக்கிகள் பழஞ்சாமான் கடைகளில் நிறைய. எழுத்து கோணலாகவோ பிழையாகவோ இருக்கும், மரம் புதிதாக இருக்கும், திருகாணிகள் பொருந்தா. கைபர் கணவாய்ப் பக்கத்துக் கைத்தொழிலாளர்கள் செய்த நகல்களும் உண்டு.

உண்மையான பழம்பொருள் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை போய்விட்டால் துப்பாக்கி ஊமையாகிவிடும். தேங்காய் எண்ணெய் பிசின் பிடிக்கும். மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். பூஜைக்கு இட்ட சந்தனத்தை அன்றே துடைத்துவிடுங்கள். அதன் ஈரம் இரும்பைத் தின்னும்.

சட்டம் என்ன சொல்கிறது?

'நூறு வருஷம் ஆனதற்கு லைசென்ஸ் எதற்கு?' என்று பலர் கேட்கிறார்கள். இது ஆபத்தான எண்ணம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. சுடக் கூடியது என்றால், வாய்வழி மருந்து கெட்டிப்பதானாலும் லைசென்ஸ் வேண்டும்.

303 விஷயம் இன்னும் கடுமை. ராணுவ ரவையைச் சுடும் துப்பாக்கி என்பதால் அது தடை செய்யப்பட்ட வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

லைசென்ஸ்தாரர் காலமானால் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது. தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு என்ற முறையில் மனுச் செய்யலாம். 2016-ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. பெங்களூர் நகரில் போலீஸ் கமிஷனரிடமும், மாவட்டங்களில் டெபுடி கமிஷனரிடமும் மனுக் கொடுக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடங்கும்.

குடகில் மட்டும் நிலைமை வேறு. குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. அந்த விலக்கைப் பெங்களூர்க்காரர் எடுத்துக் காட்ட முடியாது.

பழைய துப்பாக்கியைச் சொந்த ஊருக்கு ரயிலில் கொண்டு போய்விடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். லைசென்ஸே இல்லாமல் படுக்கைச் சுருட்டில் வைத்துக் கொண்டு வண்டி ஏறினால், வழியில் பிடிபடுவது நிச்சயம் என்றே வைத்துக் கொள்ளுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வைத்துக் கொள்ள வழி இல்லாவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். ஒப்படைக்கும் முன் முத்திரைகளையெல்லாம் தெளிவாகப் படம் எடுங்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் பெரியவரை உட்கார வைத்து, துப்பாக்கியைக் கொண்டு வந்தவர் யார், எந்தப் பட்டாளம், எந்த ஊர் என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். இரும்பு சொல்வது பாதிதான். மீதியைச் சொல்லக் கூடியவர்களுக்கு வயதாகிக் கொண்டிருக்கிறது.