பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம்: எது எங்கே கணக்கில் சேரும்?

கல்வி உதவி கேட்டும் ஆலோசனை கேட்டும் நம் அறக்கட்டளைக்கு வரும் பெற்றோர்கள் சிலர் இப்போது புதிதாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை பள்ளி முடிக்கும்போதே கல்லூரிப் பாடங்கள் சிலவற்றையும் முடித்துவிட்டதாம், நம் பிள்ளைக்கு அப்படி வழி உண்டா என்பது அந்தக் கேள்வி. வேறு சிலர் "பிளஸ் டூவும் டிகிரியும் ஒரே நேரத்தில்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தைக் காட்டி, சேர்க்கலாமா என்கிறார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முன்னதற்கு நம் நாட்டில் பாதி வழி திறந்திருக்கிறது. பின்னதில் பணமும் வருஷமும் போய்விடும்.

அமெரிக்காவில் நடப்பது இதுதான். 11, 12ம் வகுப்புப் பிள்ளை பக்கத்திலுள்ள கல்லூரியின் ஒரு பாடத்தை, ஆங்கிலமோ கணக்கோ, எடுத்துப் படிக்கிறது. அந்த மதிப்பெண் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறும், கல்லூரிப் பதிவேட்டிலும் ஏறும். ஒரே படிப்பு இரண்டு இடத்தில் கணக்கு. மின்னசோட்டா மாநிலம் 1985ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது, மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் ஒரு பகுதி முன்னாடியே கழிந்துவிடுவதால் குடும்பத்துக்குக் கட்டணம் மிச்சம். அங்கேயும் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்பதில்லை என்பதை உறவினர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள்.

நம் ஊருக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. வீட்டில் பெரியவர்கள் "நான் பி.யு.சி. படித்தவன்" என்று சொல்லக் கேட்டிருப்போம். தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ வருவதற்கு முன், 11 வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை அடுத்த வருஷப் படிப்பைக் கல்லூரியில்தான் படித்தது. இன்று 12ம் வகுப்புப் பிள்ளை உட்காரும் வயதில் அன்றைய பிள்ளை கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்தது. பள்ளி எங்கே முடிகிறது, கல்லூரி எங்கே தொடங்குகிறது என்பது அரசாங்கம் போட்ட கோடு. அந்தக் கோட்டைத்தான் இப்போது மறுபடி கொஞ்சம் நகர்த்தப் பார்க்கிறார்கள்.

2020ல் வந்த புதிய கல்விக் கொள்கையை ஒட்டி 2021ல் யு.ஜி.சி. 'கிரெடிட் வங்கி' ஒன்றுக்கு விதி வகுத்தது. 2023 ஏப்ரலில் பள்ளி முதல் பிஎச்.டி. வரை எல்லாப் படிப்பையும் ஒரே அளவுகோலில் அளக்கும் தேசிய கிரெடிட் சட்டகம் வெளியானது. 30 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். வருஷத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். 10ம் வகுப்பு மூன்றாம் நிலை, 12ம் வகுப்பு நான்காம் நிலை, பட்டப்படிப்பின் முதல் வருஷம் நாலரை என்று படிப்படியாக ஏறி, பிஎச்.டி.யில் எட்டில் முடியும். தொழிற்பயிற்சியையும் இதே அளவுகோலுக்குள் கொண்டுவர முடியும் என்கிறது சட்டகம்.

வங்கி என்றதும் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கிரெடிட்டைச் சேமித்து வைக்கலாம், அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். ஆனால் அதைப் பட்டத்துக்குக் கழித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்கள் சேரும் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். 12ம் வகுப்பில் வாங்கும் 40 கிரெடிட் கல்லூரியின் முதல் வருஷத்தைக் குறைத்துவிடாது, ஏனென்றால் நிலை வேறு. அமெரிக்காவில் இருப்பதுபோல ஒரு பாடம் தானாகவே இரண்டு பக்கமும் ஏறும் ஏற்பாடு இங்கே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே யார் வந்து என்ன சொன்னாலும் பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்வி, "இது எங்கே கணக்கில் சேரும்? எழுத்தில் கொடுப்பீர்களா?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உள்ள வழிகளில் முதலாவது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு. டேட்டா சயின்ஸில் தொடங்கி, பின்னர் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸும் சேர்ந்தது. ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. டேட்டா சயின்ஸுக்கு 10ம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், எனவே பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த பிள்ளையும் வரலாம். நம் பேச்சுக்கு முக்கியமானது இது: 11ம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிய பிள்ளை அப்போதே விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் நான்கு பாடம், வாரா வாரம் பயிற்சி, முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறினால் இடம் உறுதி. பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்துகொள்ளலாம்.

சேர்ந்த பிறகு அடிப்படை நிலையில் எட்டுப் பாடம், 32 கிரெடிட். அங்கேயே நிறுத்தினால் ஒரு சான்றிதழ், மேலே போனால் டிப்ளமோ, 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142 கிரெடிட்டில் நான்கு வருஷ பி.எஸ். பட்டம். ஊரில் ஒரு கல்லூரியில் வேறு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. இரண்டு படிப்பை ஒரே சமயத்தில் படிக்க அனுமதி தந்துவிட்டது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் நல்ல சலுகை உண்டு. வருமானச் சான்றிதழ் கையில் இல்லாமல் முழுக் கட்டணம் கட்டிவிட்டு வருந்துவதைவிட, தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. ஒன்றைச் சொல்ல வேண்டும். சேர்வது எளிது, தேறுவது எளிதல்ல. கணக்கில் தடுமாறும் பிள்ளையை 12ம் வகுப்புப் பொதுத்தேர்வு வருஷத்தில் இதிலும் மாட்டிவிட்டால் இரண்டும் கெடும். 11ம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையே இதற்கு ஏற்ற நேரம் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு கருத்தையும் சொல்லிவிடுகிறோம். பெண் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கு வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதுதான் இதில் பிடித்திருக்கிறது. நல்லதே. ஆனால் அவ்வையார் மகளிர் கல்லூரி பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கும்போது, அங்கே அனுப்பாமல் இருக்க இதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் இப்போது விதி இடம் தருகிறதே.

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் இலவசமாகக் கேட்கலாம், பள்ளிப் பிள்ளையும் சேரலாம். சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் உண்டு. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம். 12 வாரப் பாடம் மூன்று கிரெடிட். ஆனால் கல்லூரிகள் இதை ஏற்பது, அங்கே சேர்ந்த பிறகு அந்தப் பருவத்துக்கு அவர்கள் அனுமதித்த பாடங்களுக்கே. பள்ளியில் இருக்கும்போது வாங்கிய சான்றிதழ் அறிவுக்கு உதவும், கிரெடிட்டாகும் என்று நம்பிச் சேர வேண்டாம்.

இனி, எங்களுக்கு அதிக அக்கறை உள்ள விஷயம். நம் சமுதாயத்தில் ஒரே சமயத்தில் இரண்டு படிப்புப் படிக்கும் பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஹிப்ழு மத்ரஸாவிலும் அரபுக் கல்லூரியிலும் ஓதும் பிள்ளைகள்தான் அவர்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிள்ளை ஹாபிழாகி வரும்போது பதினான்கு, பதினைந்து வயது. ஆலிம் ஸனது வாங்கும்போது இருபதைத் தாண்டிவிடும். அத்தனை வருஷம் உழைத்துப் படித்தும், வேலைக்கான விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் எழுத எதுவும் இருக்காது. இந்தச் சிக்கல் பழையது, தீர்வுக்கான முயற்சியும் பழையதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வை எழுதி அரபு ஆசிரியர் பணிக்குப் போன ஆலிம்கள் பலர். மத்ரஸாவில் ஓதியதே பல்கலைக்கழகத் தேர்விலும் கைகொடுத்தது.

இன்று அந்த இடத்தில் கைகொடுப்பது தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். இது 1989ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். 14 வயது நிறைந்திருந்தால் 10ம் வகுப்புக்குச் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். மொழிகளில் தமிழும் உண்டு, அரபியும் உண்டு. மத்ரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிய பிள்ளைக்கு அந்த அரபித் தேர்வு பெரிய சுமையாக இருக்காது. ஓதுவது ஒருமுறை, பயன் இரண்டு இடத்தில்: அமெரிக்கப் பிள்ளைக்குக் கிடைப்பதற்கு மிக நெருக்கமாக நம் ஊரில் இருப்பது இதுதான். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. இந்த வருஷம் இரண்டு பாடம், அடுத்த வருஷம் மூன்று என்று ஓதலுக்கு இடைஞ்சல் இல்லாமல் பிரித்துக்கொள்ளலாம்.

அதற்கு மேல் பிளஸ் டூ, பிறகு கல்லூரி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013 முதல் மத்ரஸாவில் படித்து வந்தவர்களுக்கென்று ஒரு வருஷ இணைப்புப் படிப்பு நடத்திவருகிறது. எந்தெந்த மத்ரஸாக்களின் ஸனதை ஏற்கிறார்கள் என்று பட்டியல் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மாநில அரசு வேலைகளுக்கு இது செல்லுமா என்பதில் தமிழ்நாட்டில் சர்ச்சை எழுந்ததுண்டு. எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் அந்த அறிவிப்பில் தகுதிப் பகுதியை முழுதாகப் படியுங்கள்.

ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே நிறுவனத்தின் வழியாக ஓர் ஏற்பாடு 2016ல் வந்தது. 10ம் வகுப்பு முடித்து இரண்டு வருஷ டிரேடு படித்தவர், மொழிப்பாடம் உள்ளிட்ட குறைந்த பாடங்களை மட்டும் எழுதினால், டிரேடு படிப்பையும் கணக்கில் எடுத்து 12ம் வகுப்புச் சான்றிதழ் தருகிறார்கள். பிட்டர் படித்துவிட்டு சபருக்குப் போகும் நம் பையன்கள் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்திலும், டிப்ளமோ முடித்தவர் பி.டெக்.கில் நேராக இரண்டாம் வருஷத்திலும் சேரும் வழியும் இருக்கிறது. ஒரு வருஷம் மிச்சம் என்ற கணக்கில் பார்த்தால் இதுவும் கிரெடிட்தான்.

இப்போது அந்த வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு வருவோம். இரண்டு படிப்புக்கு யு.ஜி.சி. தந்த அனுமதி கல்லூரிப் படிப்புகளுக்கு மட்டும். பள்ளிப் படிப்பையும் பட்டத்தையும் ஒன்றாகச் சேர்க்க அதில் இடமில்லை. என்.ஐ.ஓ.எஸ்.ஸிலேயே 10ம் வகுப்புத் தேறியதற்கும் 12ம் வகுப்புச் சான்றிதழுக்கும் நடுவில் இரண்டு வருஷ இடைவெளி வேண்டும். "ஆறு மாதத்தில் பிளஸ் டூ" என்பவர் எதைத் தரப்போகிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வரிசை மாறிப் படித்தவர்கள் பட்ட பாடு நம் கண்முன் இருக்கிறது. பட்டம் படிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும், பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று ஆணை போட்டது. தேர்வு எழுதித் தேறியவர்கள்தாம் அவர்கள், போலிச் சான்றிதழ்க்காரர்கள் அல்ல. இருந்தும் பட்டம் உதவவில்லை.

கடைசியாக, உடனே பார்க்க வேண்டிய ஒரு காரியம். கிரெடிட் எதுவானாலும் அது போய்ச் சேரும் கணக்கு எண் 'அபார்' என்ற 12 இலக்க மாணவர் அடையாள எண். நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025ல் முதல் தடவையாக 10, 12ம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். இந்த எண்ணுக்காகப் பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வரும். பெற்றோர் விரும்பினால்தான் இது, கட்டாயமில்லை. கொடுப்பதானால் பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் தடங்கல் இங்கேதான். முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பள்ளியில் இனிஷியல், ஆதாரில் வாப்பா பெயர் முழுதாக. ஒன்றில் பேகம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

ஆதாரில் பெயரை இரண்டு தடவையும் பிறந்த தேதியை ஒரே தடவையும்தான் திருத்த முடியும். ஆகவே அவசரப்பட்டு ஆதாரைத் திருத்தாமல், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிழை பள்ளிப் பதிவில் என்றால் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றலாம். எதைத் திருத்துவது என்று தெரியாவிட்டால் நான்கின் நகலோடும் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், மனு எழுதித் தருகிறோம். 10ம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குப் பெயர் பதிவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் அச்சாகிவிட்ட பெயரை மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விட அலைச்சல்.