பிக்கப் வண்டியின் பெல்ட்டை நாமே மாற்றும்போது

டீ வருவதற்குள் உங்கள் பிக்கப்பின் டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் கடைசிச் சுற்று தெரியும்வரை இழுக்க வேண்டும். மார்புக்குக் குறுக்கே வருகிற பகுதியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். கதவிடுக்கில் மாட்டி நசுங்குவதும் எலி கடிப்பதும் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான். ஓரம் பிரிந்திருந்தாலும், வெயிலில் வெளுத்து மொடமொடத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பலமாக மோதிய வண்டி என்றால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். ஒருமுறை இழுபட்டு நீண்ட நாடா அடுத்த முறை அதே போலத் தாங்காது.

பெல்ட் மெதுவாகச் சுருள்வது மட்டும்தான் பிரச்சினை என்றால் அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். தோளுக்கு மேலே இருக்கும் வளையத்தில் வியர்வை அழுக்கு பிசினாக ஏறியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

கிழிந்ததைத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஐ.நா.வின் 16ஆம் எண் வாகன விதிப்படி அந்த நாடா 1,470 டெகாநியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம் தொங்குவதற்குச் சமம். தெருமுனைத் தையல் மெஷினின் நூல் அதில் எந்த மூலைக்கு? காயலான் கடை பெல்ட்டும் வேண்டாம். அது எந்த விபத்தைப் பார்த்ததோ யாருக்குத் தெரியும்.

கழற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பெல்ட் சுருண்டிருக்கும் பெட்டிக்கு மஞ்சள் கனெக்டரோடு ஒயர் போனால் கை வைக்காதீர்கள். மோதலின்போது பெல்ட்டை இறுக்க அதற்குள் வெடிமருந்து இருக்கிறது. அந்த வேலையை கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.

ஒயர் இல்லையென்றால் நீங்களே செய்யலாம். கதவை ஒட்டிய தூணின் பிளாஸ்டிக் கவரை எடுத்ததும் போல்ட்டுகள் தெரியும். கழற்றும்போதே வாஷர், புஷ் இருக்கும் வரிசையை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெட்டியைக் கையில் எடுத்தவுடன் பெல்ட்டை இழுத்தால் வராது. பழுது என்று கடைக்கே திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பழுதில்லை. பல பெட்டிகளில் சின்னக் குழிக்குள் ஓர் இரும்புக் குண்டு, பல்லாங்குழியில் சோழி கிடப்பதைப் போலக் கிடக்கிறது. வண்டி சட்டென்று நின்றாலோ சாய்ந்தாலோ குண்டு நகர்ந்து ஒரு நெம்பைத் தூக்கும்; நெம்பு பற்சக்கரத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். கையில் பெட்டி சாய்ந்திருப்பதால் குண்டும் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியில் நிற்கிற கோணத்தில் பிடித்து மெதுவாக இழுங்கள், வரும். அதனால்தான் அதே மாடல், அதே பக்கத்துப் பெல்ட் வேண்டும் என்கிறேன். கோணம் மாறினால் பெல்ட் எந்நேரமும் பூட்டியே கிடக்கும், அல்லது வேண்டிய நேரத்தில் பூட்டாது.

1959இல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் பொலின் மார்பையும் இடுப்பையும் ஒரே நாடாவில் பிடித்து மூன்று இடத்தில் கட்டினார். இன்றும் அதே மூன்று இடம்தான். ஒன்று விட்டாலும் மற்ற இரண்டும் வீண். ஆகவே போல்ட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் 7/16 அங்குல நுண்மரை போல்ட்தான் வரும். ஹார்டுவேர் கடையில் கிட்டத்தட்ட அளவில் ஒன்றை வாங்கி அழுத்தி ஏற்றினால் மரை போய்விடும். முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். பிறகு சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரிஞ்சால் இறுக்குங்கள். முன்பு சுழன்ற தகடு, இறுக்கிய பிறகும் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் வாஷர் வரிசை தப்பிவிட்டது, படத்தைப் பாருங்கள்.

நாடா முறுக்கிக்கொள்ளவில்லையே என்று பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுங்கள், பூட்ட வேண்டும். பின் ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி, சட்டென்று பிரேக் பிடித்தும் பாருங்கள்.

கையோடு இடது பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். லோடுமேன் உட்காரும் பக்கத்து பெல்ட் பல வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் செருகியே கிடக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின் 1,000 ரூபாய் அபராதம், அவர் பெல்ட் போடாவிட்டாலும் உண்டு.