வட்டம் சொல்லும் சேதி

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். காலராவில் உயிரைக் காப்பது முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். ஆனால் நோய் முற்றியவருக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டும். எது? 1992-இல் சென்னையில் பிரித்தெடுத்த ஓ139 வகைக் காலராக் கிருமி ஒன்றில் சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் மூன்றையும் எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே தொகுப்பாக இருந்தன. அந்தத் தொகுப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். ஆகவே நோயின் பெயரை வைத்து மட்டும் மருந்து எழுதிவிட முடியாது. கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை வளர்த்து, எந்த மருந்து பலிக்கும் என்று பார்த்தாக வேண்டும்.

பார்க்கும் முறை 1966-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாயர், கிர்பி குழுவினர் வகுத்தது. தட்டில் ஊற்றுவது அகர். நோன்பு மாதத்தில் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்து வீடுகளில் கடல்பாசி காய்ச்சுகிறார்களே, அந்தச் சரக்குதான். அதன்மேல் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை வைத்து, சுமார் 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால், மருந்து பலிக்கும் இடத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழும். அதை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். பூசும் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமிகள் இருக்க வேண்டும். கலங்கலைப் பார்த்து அதை மட்டுக்கட்டுகிறார்கள். கலங்கல் குறைந்தால் வட்டம் பெருக்கும். பலிக்காத மருந்து பலிப்பதாக ரிப்போர்ட் போகும். அகர் 4 மில்லிமீட்டருக்கும் மெலிந்தால் அதே கதை. வில்லைக்கு ஈரம் ஆகாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் கடலோரக் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, அப்பளம் நமத்துப்போவதுபோல் வில்லை நமத்து வீரியம் இழக்கும். அப்போது தவறு எதிர்த்திசையில்: நல்ல மருந்தைக் கைவிடச் சொல்லிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருந்தை எதிர்க்கும் கிருமிகளைக் கண்காணிக்க 2013-இல் தொடங்கிய வலையமைப்பில் புதுச்சேரி ஜிப்மரும் ஒரு முதன்மை மையம். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிடிவ் கிருமிகள் அதன் பொறுப்பு. அந்த ஸ்டஃபைலோகாக்கஸில் சில ஒரு வேடிக்கை காட்டும். கிளிண்டாமைசின் வில்லையைத் தனியே வைத்தால் முழு வட்டம். பக்கத்தில் எரித்ரோமைசின் வில்லையை வைத்தால், அந்தப் பக்கம் மட்டும் வட்டம் தட்டையாகி ஆங்கில 'டி' எழுத்தாகிவிடும். எரித்ரோமைசின் பட்டதும் கிருமி ஒரு நொதியை உருவாக்கி, இரு மருந்துகளும் பற்றும் இடத்தையே மாற்றிவிடுகிறது. தட்டையைக் கவனிக்காதவர் கிளிண்டாமைசினைச் சிபாரிசு செய்துவிடுவார்.

இப்படித் தட்டுகளைப் படிக்கக் கற்பிக்க இணையம் அருமையான வகுப்பறை. பிரிட்டனின் ஃபிளெமிங் நிதியும் அந்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கிருமிகளின் மருந்து எதிர்ப்புத் திறன் பற்றி இலவச இணையப் பாடங்களை உருவாக்கின. வருவதே அரிதான தட்டுகளையும் படமாக நூறு முறை பார்க்கலாம்; சிறு ஊர் லேப் டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டு வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டாம். ஆனால் கலங்கலை மட்டுக்கட்டும் கைப்பழக்கத்தைத் திரை தராது என்பது என் எண்ணம். அதற்குச் சோதனைக்கூடத்துக்கு உள்ளேயே ஒரு வாத்தியார் உண்டு: 1946-இல் சியாட்டிலில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஈ.கோலை கிருமியின் வாரிசு. உலகெங்கும் சோதனைக்கூடங்கள் அதை வளர்த்து, பல மருந்துகளுக்கு அதன் வட்டம் குறித்த எல்லைக்குள் விழுகிறதா என்று பார்க்கின்றன. விழாத நாளில் அந்த மருந்துக்கான ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து, அகரா, வில்லையா, கையா என்று தேட வேண்டும்.