ராத்திரி 2 மணிக்குக் கையை உதறுகிறீர்களா?

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் இருக்கிறது நல்லூர். எங்கள் சித்தி வீடு அங்கேதான். ஒருமுறை தங்கியிருந்தபோது நடுராத்திரியில் விழிப்பு வந்தது. பார்த்தால், சித்தி பாயில் எழுந்து உட்கார்ந்து, ஈரக்கையை உதறுவதுபோல வலது கையை உதறிக்கொண்டிருந்தார். மணி 2.

"ஏனுங்க சித்தி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கை மதமதன்னு இருக்குது. உதறினாச் சரியாப் போயிரும்."

எட்டு மாதமாக இப்படித்தானாம்.

சித்தி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். 14 வருஷ அனுபவம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை ஆகிவிடும். மணிக்கட்டை வளைத்து, விரல்களால் துணியை அழுத்திப் பிடித்து, மெஷினுக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பீஸ் ரேட் என்பதால் கை நின்றால் காசும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் அதே கைதான்.

தைலம் தேய்த்துப் பார்த்தார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். யாரோ 'கழுத்து எலும்பு தேய்மானம்' என்று சொல்ல, ஒரு மாதம் கழுத்தில் பட்டையோடு திரிந்தார். காலையில் காபி டம்ளர் கை நழுவி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது. "ஏம்மா, சுண்டு விரல் மரத்துப்போகுதா?"

சித்தி யோசித்தார். "அது மட்டும் இல்லீங்க டாக்டர்."

விஷயமே அதில்தான் இருக்கிறது. நம் மணிக்கட்டில் குறுகலான ஒரு பாதை உண்டு. அடியிலும் பக்கங்களிலும் எலும்பு, மேலே கெட்டியான ஒரு தசைநார்ப் பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... இவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. அதனால்தான் அந்தக் கேள்வி. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் ராத்திரியில் தொல்லை அதிகம். 'கார்பல் டனல் சிண்ட்ரோம்' என்று இதற்குப் பெயர்.

இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார் டாக்டர். நிமிடம் முடிவதற்குள் சித்தி முகத்தைச் சுளித்துவிட்டார். பிறகு, கரன்ட் வைத்துப் பார்க்கும் நரம்புப் பரிசோதனை. கூடவே ரத்தப் பரிசோதனையும். அதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது! பழியை முழுக்க மெஷின் மேல் போட்டுவிட முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்ப காலம், மாதவிடாய் நிற்கும் காலம் இவையும் காரணமாகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம்.

முதலில் கத்தி இல்லை. ராத்திரி தூங்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி, உள்ளே தகடு வைத்த பட்டை. ஆறு வாரம். மெதுவான எலாஸ்டிக் பட்டையைச் சுற்றிக்கொண்டால் அந்தப் பலன் வராது. மணிக்கட்டு மடங்கத்தான் செய்யும். அடுத்து மணிக்கட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஆரம்பத்திலேயே வருகிற பலருக்கு இதோடு குறைந்துவிடும். சித்திக்கு மூன்று மாதம் நன்றாக இருந்தது. மறுபடி உதறல். "ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார் டாக்டர்.

"கத்தி பட்டா மெஷின் ஓட்ட முடியுமா?"

சித்தியின் பயம் இரண்டு. ஒன்று கை. இன்னொன்று சனிக்கிழமைச் சம்பளம்.

முதல் பயத்துக்கு டாக்டர் பதில் சொன்னார். நரம்பை அழுத்தும் பட்டையை வெட்டி, இடம் உண்டாக்கிவிடுவதுதான் ஆபரேஷன். கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. சித்தியோடு வேலை பார்த்த ஓர் அக்கா வருஷக்கணக்கில் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு கரைந்து குழியாகிவிட்டது. அந்த நிலையில் ஆபரேஷன் செய்தாலும் போன பலம் முழுதாகத் திரும்புவது கடினம். அவரால் இன்றைக்கும் சட்டைப் பட்டன் போட முடியவில்லை.

இரண்டாவது பயத்துக்கு பதில் இ.எஸ்.ஐ. அட்டையில் இருந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், 15,000 ரூபாய்க்கு 113 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். சிகிச்சை இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுப்புக்குப் பணம் உண்டு என்பது சித்திக்குத் தெரியாது! ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காண்ட்ராக்டில் அட்டையே இல்லாமல் வேலை பார்ப்பவர்களின் பாடு வேறு. என்னைக் கேட்டால், வேலைக்குச் சேரும் அன்றே கூலியோடு சேர்த்துக் கேட்க வேண்டியது அந்த அட்டையைத்தான். இல்லாதவர்களுக்குத் தாராபுரம் ரோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சித்தி விடிய விடியத் தூங்கினார். மற்றதெல்லாம் மெதுவாகத்தான். தையல் பிரிக்க இரண்டு வாரம். உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுத்தினால் வலி. அது சில மாதம் இருக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து கம்பெனிக்குப் போனவரை முதலில் செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். பிறகுதான் ஓவர்லாக். இப்போது மணிக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்குகிறார். சூப்பர்வைசர் முறைத்தாலும் விடுவதில்லை.

போன வாரம் போனில் பேசினேன். டீ டைமில் ஒரு கைமடிப் பெண் கையை உதறிக்கொண்டு நின்றாளாம். சித்தி கிட்டே போய்க் கேட்டிருக்கிறார்.

"ஏன் அம்மணி, சுண்டு விரலும் மரத்துப்போகுதா?"